தங்கவயலின் சயனைடு மலைகள்: தங்கத்தை எடுப்பவர் மண்ணுக்கும் பொறுப்பேற்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோலார் தங்கவயலில் மலைமலையாகக் கிடக்கும் சுரங்கக் கழிவுமண்ணிலிருந்து மறுபடியும் தங்கம் எடுக்கப் போகிறார்கள் என்ற செய்தி அவ்வப்போது வந்துகொண்டே இருக்கிறது. 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை மத்திய அரசின் இந்த யோசனைக்கு ஒப்புதல் கொடுத்தது. 13 மேடுகள், 1,003.4 ஏக்கர், சுமார் மூன்று கோடியே முப்பது லட்சம் டன் மண். செய்தியில் தங்கத்தின் மதிப்பு இருக்கிறது, வேலைவாய்ப்பு இருக்கிறது, ஊரின் பழைய பெருமைகூட இருக்கிறது. தங்கத்தை உருவிக்கொண்டபின் அந்த மூன்று கோடியே முப்பது லட்சம் டன் எங்கே போகும் என்பதைத்தான் தேடவேண்டியிருக்கிறது.

நான் இந்த ஊர்க்காரி. தாத்தா வட ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து வந்து சுரங்கத்தில் சேர்ந்தவர். அப்பா சாம்பியன் ரீஃபில் கீழே இறங்கியவர். மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழம் போன சுரங்கம் அது. நான் மேலேயே தங்கி, உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் ஓய்வுபெறும் வரை வேதியியல் சொல்லிக்கொடுத்தேன். வகுப்பறை ஜன்னலிலிருந்து பார்த்தால் சயனைடு மலை தெரியும். இந்தக் கழிவுமண் மேட்டுக்கு ஊரில் அதுதான் பெயர். ஆனி, ஆடியில் மேல்காற்று கிளம்பினால் பிள்ளைகள் மேசைமேல் விரலால் பெயர் எழுதி விளையாடுவார்கள், அவ்வளவு தூசி படிந்திருக்கும். இங்கே துணி காயப்போடுகிற பெண்கள் காற்றின் திசை பார்த்துத்தான் கொடி கட்டுவார்கள். சினிமாக்காரர்களோ வேன்களில் வந்து இறங்கி அதைப் பாலைவனமாகப் படம்பிடித்துக்கொண்டு போவார்கள். புல் முளைக்காத இடம் அவர்களுக்கு வசதி.

இந்த மண் எப்படி வந்தது என்று சுருக்கமாகச் சொல்கிறேன். பாறையை மில்லில் நைசாக அரைத்து, சோடியம் சயனைடு கரைசலில் ஊறவைத்தால் தங்கம் கரைந்து வந்துவிடும். அப்புறம் துத்தநாகத்தைப் போட்டு அதைத் திரும்பப் பிரித்துக்கொள்வார்கள். 1887இல் கிளாஸ்கோவில் காப்புரிமை பெற்ற முறை இது. மிச்சமான குழம்பை மில்லுக்குப் பக்கத்திலேயே கொட்டினார்கள். அது காய்ந்து மேடானது. மேட்டின்மேல் இன்னும் கொட்டினார்கள். தொடக்க வருடங்களில் ஒரு டன் பாறைக்கு நாற்பது கிராமுக்கு மேல் தங்கம் கிடைத்தது. மூடுகிற சமயத்தில் மூன்று கிராம் தேறினால் அதிகம். அதாவது ஒரு சவரன் தங்கத்துக்கு இரண்டரை டன்னுக்கு மேல் பாறையை அரைத்துக் கொட்டியிருக்கிறார்கள். இப்போது கழிவுமண்ணில் எதிர்பார்ப்பது டன்னுக்கு ஒரு கிராம் போல. அப்படியானால் உங்கள் வாசகர் ஒருவர் வாங்கப்போகும் ஒரு சவரன் சங்கிலிக்காக எங்கள் ஊரில் எட்டு டன் மண்ணைக் கலைத்துக் கழுவ வேண்டும். கழுவிய பிறகும் அது எட்டு டன்தான்.

வேதியியல் டீச்சர் என்பதால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மலையின் பெயரைக் கேட்டு வெளியூர்க்காரர்கள் பயப்படுகிற சயனைடின் பெரும்பகுதி இத்தனை வருட வெயிலிலும் காற்றிலும் சிதைந்திருக்கும். இரும்போடு சேர்ந்த சேர்மங்களாகக் கொஞ்சம் தங்கியிருக்கலாம். கவலைப்பட வேண்டியது வேறு இரண்டு. முதலாவது, நைசான குவார்ட்ஸ் தூள், அதாவது சிலிக்காப் பாறைத் தூள். 1940இல் மைசூர் சமஸ்தானம், இந்தத் தூள் நுரையீரலில் படிவதால் வரும் சிலிகோசிஸ் நோய்க்கு நஷ்டஈடு தருவதற்கு விதி கொண்டுவந்தது. அதே பத்தாண்டில் தங்கவயல் தொழிலாளர்கள் 7,653 பேரைப் பரிசோதித்ததில் நூற்றுக்கு 43 பேருக்கு மேல் அந்த நோய் இருந்தது. கீழே அவர்கள் நுரையீரலுக்குள் போன அதே பாறையின் தூள்தான் மேலே மேடாகக் கிடக்கிறது. திறந்தவெளியில் அளவு குறைவு, ஆபத்தும் குறைவு என்று யாராவது வாதாடலாம். வாதாடட்டும், ஆனால் அளந்து காட்டிவிட்டு வாதாடட்டும். இரண்டாவது, கந்தகம் கலந்த கனிமங்கள். நந்திதுர்க் சுரங்கப் பக்கத்துப் பாறைகளில் இவை அதிகம். மழைநீரும் காற்றும் பட்டால் இவற்றிலிருந்து அமிலம் உண்டாகும். அந்த அமிலம் ஆர்சனிக் போன்ற நச்சுப் பொருள்களைக் கரைத்து இழுத்துக்கொண்டு கீழே இறங்கும்.

இனி வரப்போகிறவர்கள் என்ன செய்வார்கள்? காய்ந்து இறுகிக் கிடக்கும் மண்ணைக் கிளறுவார்கள், தண்ணீர் விட்டுக் குழம்பாக்குவார்கள், அதில் புதிதாகச் சயனைடு சேர்ப்பார்கள். பழைய விஷம் பெரும்பாலும் போய்விட்ட இடத்துக்குப் புதியது வரும். இதைத்தான் சிலர் "சுத்தம் செய்யும் திட்டம்" என்கிறார்கள். சுத்தமாகவும் முடியலாம், நான் மறுக்கவில்லை. ஜோகன்னஸ்பர்க் பக்கத்தில் பல வருடங்களாக இந்த வேலை நடக்கிறது. பழைய மேடுகளைத் தண்ணீர்ப் பீரங்கியால் கரைத்து, குழாயில் அனுப்பி, தங்கம் எடுத்து, மிச்சத்தை ஊருக்கு வெளியே பிராக்பன் பக்கம் கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள். மேடு இருந்த நிலம் வேறு வேலைக்குக் கிடைக்கிறது. அதற்கு எக்கச்சக்கமாகத் தண்ணீர் வேண்டும். கோலாரோ பெங்களூருவின் சாக்கடை நீரைச் சுத்திகரித்துக் குழாயில் வரவழைத்து ஏரிகளை நிரப்பிக்கொள்கிற மாவட்டம். சுரங்கம் ஓடிய காலத்திலேயே எங்களுக்குத் தண்ணீர் பாலாற்றின்மேல் இருக்கும் பேத்தமங்கலா ஏரியிலிருந்து வந்தது. இந்தத் தண்ணீர்க் கணக்கை முதலில் போடட்டும்.

சுத்தம் செய்யும் திட்டம் என்ற பேச்சைக் கேட்கும்போது எனக்கு ருமேனியாவின் பாயா மாரே ஊர்தான் நினைவுக்கு வருகிறது. அங்கேயும் ஊரை ஒட்டிப் பழைய தங்கச் சுரங்கக் கழிவு மேடு. அங்கேயும் தூசித் தொல்லை. அங்கேயும் ஒரு கம்பெனி வந்தது. ஆஸ்திரேலியாவின் எஸ்மெரால்டா நிறுவனமும் ருமேனிய அரசு நிறுவனமும் சேர்ந்து நடத்திய ஆவுருல். மேட்டைக் கரைத்துத் தங்கம் எடுப்போம், தூசி மேடு ஊரைவிட்டுப் போகும், மிச்சத்தை வெளியே புதிய அணைக்குள் பத்திரமாக வைப்போம், தண்ணீரைச் சுற்றிச்சுற்றிப் பயன்படுத்துவோம், ஒரு சொட்டும் வெளியே போகாது என்றார்கள். 1999இல் வேலை தொடங்கியது. 2000 ஜனவரி 30 இரவு, மழையும் உருகிய பனியும் சேர்ந்து அணை உடைந்தது. ஒரு சொட்டும் வெளியே போகாது என்று கட்டிய அமைப்பில், கூடுதல் தண்ணீர் வந்தால் பிடித்துவைக்க இடமே வைக்கவில்லை. சுமார் ஒரு லட்சம் கன மீட்டர் சயனைடு தண்ணீர் ஆற்றில் கலந்து, ஹங்கேரியின் டீசா ஆற்றுக்குள் போய், டான்யூபைத் தொட்டது. ஹங்கேரியில் மட்டும் ஆயிரம் டன்னுக்கு மேல் மீன் செத்தது. அடுத்த சில வாரங்களில் எஸ்மெரால்டா திவால் நிர்வாகத்துக்குப் போய்விட்டது. ஆற்றுக்காரர்களின் நஷ்டஈட்டு வழக்கு வருடக்கணக்கில் இழுத்தது.

அந்த விபத்துக்குப் பிறகுதான் தங்கச் சுரங்கங்கள் சயனைடைக் கையாள்வதற்கென்று ஒரு சர்வதேச நெறிமுறை எழுதினார்கள். 2019இல் பிரேசிலின் புருமாடின்யோவில் இரும்புச் சுரங்கத்தின் கழிவு அணை உடைந்து 270 பேர் இறந்துபோனதும், அடுத்த வருடம் கழிவு மேலாண்மைக்கு உலகத் தரநிலை ஒன்று வந்தது. இரண்டுமே கம்பெனிகள் தாமாக ஏற்றுக்கொள்கிற வகை. எங்கள் ஊருக்கு வரும் கம்பெனி இவற்றை ஏற்க வேண்டும் என்று டெண்டரிலேயே போட்டுவிட்டால் அப்புறம் அது அவர்கள் விருப்பம் அல்ல, ஒப்பந்தம்.

பழைய கடனைப் பற்றியும் பேசித்தான் ஆகவேண்டும். 1880களில் தொடங்கி ஜான் டெய்லர் என்ற பிரிட்டிஷ் கம்பெனி இங்கே தங்கம் எடுத்தது. 1956இல் மைசூர் அரசு ஏற்றது. 1962இல் மத்திய அரசின் கைக்குப் போனது. 1972இல் பாரத் கோல்டு மைன்ஸ் ஆனது. 2001 பிப்ரவரி 28ஆம் தேதி மூடினார்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு வேலை போனது. பம்புகளை நிறுத்தியதும் சுரங்கங்களில் தண்ணீர் நிறைந்தது. நூற்றிருபது வருடத்தில் சுமார் 800 டன் தங்கம் போன இடத்தில் மிச்சமானது இந்த மேடுகள்தான். இந்தியாவில் சுரங்கத்தை மூடுவதற்கு முறையான திட்டம் போட வேண்டும், அதற்கு முன்பணமாக உத்தரவாதத் தொகை கட்ட வேண்டும் என்ற விதி வந்தது 2003 ஏப்ரலில். கிட்டத்தட்ட இரண்டு வருட இடைவெளியில் தங்கவயல் அந்த விதிக்கு வெளியே நின்றுவிட்டது. இதில் யாரும் சட்டத்தை மீறவில்லை என்று அதிகாரிகள் சொல்லலாம். சட்டம் வருவதற்கு முன் போட்ட குப்பை என்றாலும் போட்டவர் போட்டவர்தானே? இங்கே போட்டவர்களில் கடைசி ஆள் அரசாங்கமே என்பதுதான் சங்கடம்.

அந்த உத்தரவாதத் தொகை எவ்வளவு என்று பாருங்கள். 2021இல் உயர்த்திய பிறகு பெரிய வகைச் சுரங்கங்களுக்கு ஒரு ஹெக்டேருக்கு ஐந்து லட்சம் ரூபாய். அந்த விகிதத்தை எங்கள் 1,003 ஏக்கருக்குப் போட்டுப் பார்த்தேன். சுமார் 406 ஹெக்டேர், 20 கோடி ரூபாய் சொச்சம். மூன்று கோடியே முப்பது லட்சம் டன்னால் வகுத்தால் டன்னுக்கு ஆறு ரூபாய். எங்கள் ராபர்ட்சன்பேட்டைக் கடைத்தெருவில் ஒரு டீகூட அந்த விலைக்குக் கிடைக்காது. ஆறு ரூபாயில் ஒரு டன் மண்ணை ஒழுங்காகப் படிய வைத்து, அடியில் நீர் கசியாத விரிப்பு போட்டு, மேலே நல்ல மண் மூடி, செடி வளர்த்து, பல வருடம் கவனிக்க முடியும் என்று நம்புகிறவர்கள் செய்து காட்டட்டும். என்னைக் கேட்டால் இந்தத் தொகையை ஏக்கர் கணக்கில் போடுவதே தப்பு. இது மண்ணின் அளவுக்கும் தன்மைக்கும் ஏற்ப வர வேண்டும். கம்பெனியின் வெறும் காகித உறுதிமொழியாக இல்லாமல், கம்பெனி திவாலானாலும் எடுக்கக்கூடிய பணமாக வங்கியில் தனியே இருக்க வேண்டும். பாயா மாரேவைச் சொன்னதே இதற்காகத்தான்.

இதையெல்லாம் பேசினால் உடனே சி.எஸ்.ஆர்., அதாவது கம்பெனிகளின் சமூகப் பொறுப்புச் செலவு, என்று ஒன்றைக் காட்டுவார்கள். கம்பெனிச் சட்டம் 2013, பிரிவு 135, மூன்று வருட சராசரி லாபத்தில் இரண்டு சதவீதம். பள்ளிக்கு வர்ணம், பிள்ளைகளுக்குப் புத்தகப் பை, பையின்மேல் கம்பெனி சின்னம். நான் வேலை பார்த்த பள்ளிக்கும் இப்படிப் பைகள் வந்திருக்கின்றன, நன்றியோடு வாங்கிக்கொண்டோம், பிள்ளைகளுக்கும் சந்தோஷம். ஆனால் அது தர்மம். தன் தொழிலின் கழிவைத் தானே அடக்கி வைப்பது தொழிலின் செலவு. வழக்கமான தொழில் நடவடிக்கையைச் சி.எஸ்.ஆர். கணக்கில் காட்டக்கூடாது என்று விதியே இருக்கிறது. லாபம் வந்தால்தான் இரண்டு சதவீதம். கழிவோ, கம்பெனிக்கு நஷ்டம் வந்தாலும் அங்கேயேதான் கிடக்கும். இந்த வித்தியாசத்தைப் பெரிய கம்பெனிகளின் ஆண்டறிக்கைகள் அழகான படங்களைப் போட்டு மறைத்துவிடுகின்றன. மரம் நடுகிற படம் இல்லாத சுரங்க அறிக்கையை நான் பார்த்ததே இல்லை.

சட்டத்தில் வழி இல்லாமலும் இல்லை. பாலாறு எங்கள் மாவட்டத்தைத் தாண்டி உங்கள் வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் வழியாக வருகிறது. அந்தப் பக்கத்துத் தோல் தொழிற்சாலைகள் மீது வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில்தான் 1996இல் உச்ச நீதிமன்றம், கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று சொன்னது. பாதிக்கப்பட்டவர்களுக்குத் தரும் நஷ்டஈடு மட்டுமல்ல, கெட்டுப்போன இயற்கையைச் சீராக்கும் செலவும் அதில் அடக்கம். 2020 ஜனவரியில் இன்னொரு வழக்கில், வேலை முடிந்த சுரங்க நிலத்தில் கால்நடைக்கான புல் திரும்ப வளரும்படி செய்வதைக் குத்தகை நிபந்தனையாக்கச் சொன்னது. எனக்குப் பிடித்த அளவுகோல் இது. வேலை முடிந்த பிறகு அந்த 1,003 ஏக்கரில் ஆடு மேய வேண்டும். மேய்ந்த ஆட்டின் பாலிலும் கறியிலும் ஆர்சனிக் இல்லை என்று சோதித்துக் காட்ட வேண்டும்.

அவசரமான காரியம் ஒன்று இருக்கிறது, அதற்கு டெண்டர் வரை காத்திருக்க வேண்டாம். மேட்டைக் கிளறத் தொடங்கும் முன், சுற்றியுள்ள கிணறுகளின் தண்ணீரையும், காற்றிலுள்ள நுண்தூசியையும், ஓடைகளின் மண்ணையும் ஒரு முழு வருடம், எல்லாப் பருவத்திலும் அளந்து வைக்க வேண்டும். இது இல்லாவிட்டால் நாளைக்கு என்ன நடக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். கிணற்றில் ஆர்சனிக் என்று ஊர் புகார் கொடுக்கும். அது பழைய கம்பெனி விட்டுப் போனது என்று புதிய கம்பெனி சொல்லும். மண்ணை அப்படியே ஒப்படைத்துவிட்டோம், இனி அது எடுத்தவர் பொறுப்பு என்று அரசு சொல்லும். இரண்டு தரப்பும் சொல்வதில் கொஞ்சம் கொஞ்சம் உண்மையும் இருக்கும். கிணற்றுக்காரர் குடத்தோடு நிற்பார். இன்றைய அளவு கையில் இருந்தால் அந்தத் தகராறே எழாது. அளந்ததை வலைத்தளத்தில் ஆங்கிலத்தில் போட்டுவிட்டுக் கடமை முடிந்தது என்று போகக்கூடாது. கன்னடத்திலும் தமிழிலும் அச்சடித்து நகராட்சி வாசலில் ஒட்ட வேண்டும். மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டமும் இந்த ஊரில், வேலைக்குப் போகிறவர்கள் வரக்கூடிய ஞாயிற்றுக்கிழமையில் நடக்க வேண்டும். மாரிக்குப்பத்திலிருந்து விடியற்காலை ரயிலில் பெங்களூரு போய் இரவு திரும்புகிறவர்களால் புதன்கிழமை காலை பதினோரு மணிக் கூட்டத்துக்கு எப்படி வரமுடியும்?

அந்த ரயிலில் போகிறவர்களில் என் பழைய மாணவர்கள் நிறையப் பேர். "முதல்ல வேலை வரட்டும் டீச்சர், மண்ணைப் பத்தி அப்புறம் பேசலாம்" என்று என்னிடமே சொல்கிறார்கள். அவர்கள் மீது எனக்குக் கோபமே இல்லை. மூடியபின் இந்த ஊர் பட்ட பாட்டை அவர்கள் பிள்ளைகளாக இருந்து பார்த்தவர்கள். ஆனால் வரப்போவது அவர்கள் தாத்தாக்கள் ஆயிரக்கணக்கில் இறங்கிய சுரங்கம் இல்லை. ராட்சத வண்டிகள், குழாய்கள், பம்புகள், ஆலை ஒன்று. அதில் கிடைக்கும் கொஞ்ச வேலையிலும் மண்ணை மூடும் வேலைதான் உள்ளூர் ஆட்களுக்கு நீண்டகாலம் கிடைக்கக்கூடியது. தங்கம் எடுப்பது சில வருடத்தில் முடியும். மேட்டைப் படியவைத்து, மண் போட்டு, செடி வளர்த்து, கசிவு பார்க்கிற வேலை அதற்குப் பிறகும் பல வருடம் நடக்க வேண்டியது. மறுசீரமைப்பை ஒழுங்காகக் கேட்பது வேலைக்கு விரோதம் என்று நினைப்பவர்கள் இதையும் யோசிக்கட்டும்.

ஆசிரியர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த டெண்டர் பற்றிய செய்தி அடுத்த முறை வரும்போது, உங்கள் நிருபர் தங்கத்தின் மதிப்பை எழுதிய கையோடு மூன்று விவரங்களையும் கேட்டு எழுதினால் நன்றாக இருக்கும். தங்கம் எடுத்தபின் மிஞ்சும் மண்ணை வைக்கப்போகும் இடம் எது, அதற்காக வங்கியில் போட்டிருக்கும் தொகை எவ்வளவு, பழைய மாசுக்கு யார் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதா. பதில் கிடைக்காவிட்டால், பதில் கிடைக்கவில்லை என்றே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியை ஒருவர்,
சாம்பியன் ரீஃப், கோலார் தங்கவயல்.